காற்றில் முறுக்கிய நான்கு போல்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு என் அண்ணியைப் பார்த்தால் வயிறு எரியும். நாகரிகம் தெரிந்தவர்கள் இதை மனத்தாங்கல் என்பார்கள், வருத்தம் என்பார்கள். அதெல்லாம் இல்லை. பொறாமை. கலப்படமே இல்லாத பொறாமை.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஒரு வாய்ச்சண்டை, ஒரு கோள்மூட்டல், ஒரு முணுமுணுப்பு, எதுவுமே கிடையாது. வந்த முதல் நாளே என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள். நான் ஈரத்தோடு அதை எடுத்து மறுபடி துவைத்தேன். அவள் அதையும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் வீடு மாடியில், பட்டறை கீழே. ஹைட் ஏற்றுகிற பட்டறை. நான்கு சக்கரத்திலும் இழுக்கிற பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்கள், கம்பெனி கொடுத்த உயரம் போதாது, கல்லிலும் சேற்றிலும் அடி தட்டுகிறது என்று வருவார்கள். அண்ணன் ஸ்பிரிங்கை மாற்றி, ஆர்மை மாற்றி, நாலு அங்குலம் தூக்கிவிடுவான். தூக்கியதும் வண்டிக்குத் திமிர் வந்துவிடும். முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் முறைத்துக்கொண்டு நிற்கும். மேல்பக்கம் உள்ளே சாயும், அது கேம்பர். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வராது, அது காஸ்டர். இரண்டு சக்கரமும் காலை வெளியே போட்டு நடப்பவன் மாதிரி விரிந்து நிற்கும், அது டோ. இந்த மூன்றையும் அலைன்மென்ட் மெஷினில் டிகிரி பார்த்து நேராக்குவது என் வேலை. பதினொரு வருடமாக என் வேலை. அதனால்தான் என்னை ஊர் முழுக்க டிகிரி அக்கா என்பார்கள். காலேஜ் டிகிரி என்று நினைத்துக் கூடுதல் மரியாதை கொடுத்தவர்களும் உண்டு. நான் மறுத்ததில்லை.

வீட்டில் மட்டும் நான் பாப்பா. முப்பத்தெட்டு வயதுப் பாப்பா. கல்யாணமாகிப் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்த பாப்பா. திரும்பி வந்த அன்று அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் போட்டு, "கீழ வா, வேலை இருக்கு" என்றான். அதிலிருந்து அவனும் நானும்தான். அவன் தூக்குவான், நான் நேராக்குவேன். ரோடு டெஸ்ட்டுக்கு அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்வேன். அம்மா போனபிறகு சமையல்கூட முறைபோட்டுத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தி மூன்றாவது வயதில், ஐயாவுக்குக் கல்யாண ஆசை வந்தது. பெண் டயர் கடையில் வேலை பார்த்தவள். எனக்கு மூன்று வயது மூத்தவள். ஜன்னல் இருக்கிற பெரிய அறையை நானே காலி செய்து கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால்தான் இன்னும் கோபம்.

ஆறு மாதம் அவள் மாடியில் இருந்தாள். அப்புறம் டீ கொண்டுவருகிற சாக்கில் கீழே இறங்கினாள். அப்புறம் டீ நின்றது, அவள் நிற்கவில்லை. சக்கரத்தில் மெஷினின் கிளாம்ப்பை மாட்டினாள், ஸ்கிரீன் பார்த்தாள், சக்கரத்தை நேராக்குகிற டை ராடைத் திருப்பினாள். நான் அரை மணி நேரம் எடுப்பதை அவள் இருபது நிமிடத்தில் முடித்தாள். சரி, அவசரக்காரி என்று நினைத்தால் அதுவும் இல்லை, அளவு சரி என்று காட்டுகிற பச்சைப் பட்டைகள் ஸ்கிரீனில் நடுக்கோட்டில் வந்து நிற்கும். போதாக்குறைக்கு ரோடு டெஸ்ட்டில் அவளுக்கு ஒரு கை. ஸ்டியரிங்கில் இரண்டு விரலை வைத்து, "வலது பக்கம் ஒரு பொட்டு" என்பாள். மெஷினில் போட்டுப் பார்த்தால் ஒரு பொட்டு இருக்கும்.

அண்ணன் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். பக்கத்து ஷெட் வெல்டர் இருக்கிறாரே, அவர் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் யாரோ வந்து, "டிகிரி அக்கா எங்க?" என்று கேட்டதற்கு, "எந்த டிகிரி அக்கா? பழசா, புதுசா?" என்றார். நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய், ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மலை மீட்புப் படையின் வண்டி வந்தது. மலைமேல் விழுந்தவர்கள், வழி தவறியவர்கள், பிரசவத்துக்கு இறக்க வேண்டியவர்கள், எல்லோரையும் இந்த வண்டிகள்தான் கொண்டுவரும். பின்னால் ஸ்ட்ரெச்சர் மாட்ட இடம் இருக்கும். மொத்தம் ஏழு வண்டி. முதல் வண்டி சரியாக வந்தால் மீதி ஆறும் எங்களுக்கு. அவர்கள் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. சக்கரச் சீரமைப்புக்குப் பொறுப்பானவர், பெயர், கையெழுத்து. ஒரே ஒரு பெயர். முதல் வண்டியில் போடுகிற பெயர்தான் ஏழு வண்டிக்கும்.

அண்ணன் படிவத்தை மேசையில் விரித்து, பேனாவால் அந்தக் கட்டத்தைத் தட்டினான்.

"இதுல அவ பேரைப் போட்டுடலாம் பாப்பா. ரோடு டெஸ்ட்ல அவளுக்குக் கை நல்லா இருக்கு. நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வது? பதினொரு வருடம் அந்த மெஷின் முன்னால் நின்றவளிடம், 'நீ என்ன சொல்ற' என்று கேட்டால் என்ன அர்த்தம்? கேட்காமலே போட்டிருக்கலாம்.

"எனக்கென்ன? தாராளமா போடு" என்றேன்.

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "பாப்பா பேரையே போடுங்களேன். அவதானே சீனியர்."

"நீங்க சிபாரிசு பண்ணி எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணி" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

ஆக, அண்ணனும் நானும் ஹைட் ஏற்ற வேண்டும், அண்ணி அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு அந்தக் கட்டம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் என் பெயர் இருந்தால் நான் இந்தப் பட்டறையில் ஒரு ஆள். இல்லாவிட்டால் மாடியில் சின்ன அறையில் இருக்கிற தங்கச்சி. இதை எத்தனை தடவை திருப்பித் திருப்பி நினைத்தேன் என்று கணக்கே இல்லை.

இப்போது ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற கீழ் ஆர்ம் இருக்கிறது அல்லவா, அது சேசிஸில் மாட்டுகிற இடத்தில் புஷ் இருக்கும். இரும்புக் குழாய்க்குள் ஒட்டின ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் ரப்பரின் நடுப்பகுதி அசையாமல் பிடித்துக்கொள்ளும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிச் சக்கரம் தொங்கும்போது போல்ட்டைச் சும்மா பிடித்து வைக்கத்தான் வேண்டும். வண்டி தரைக்கு இறங்கி, தன் எடையில் உட்கார்ந்தபிறகு, அடியில் படுத்து ஊர்ந்து போய்த்தான் கடைசி முறுக்கு. அப்படிச் செய்யாமல் காற்றிலேயே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைப் பொய்யாகத் தூக்கிப் பிடிக்கும். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். பத்து நாள் மேடு பள்ளத்தில் ஓடினதும் ரப்பர் பிய்ந்து விட்டுக்கொடுக்கும். வண்டி ஒரு பக்கம் அமுங்கும், டிகிரி எல்லாம் ஓடிப்போகும். எங்கள் பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

அன்று சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆர்மை ஏற்றி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, ஆக நான்கு போல்ட்டை நுழைத்துவிட்டு, அண்ணன் "புடிச்சு வை, வரேன்" என்று மெஷின் பக்கம் போனான். அங்கே அண்ணி இருந்தாள். ஏதோ சொன்னாள். அண்ணன் சிரித்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அம்மா போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

காது இரண்டும் அந்தப் பக்கம் போய்விட்டது. கையில் டார்க் ரென்ச் இருந்தது, முழு இறுக்கம் வந்ததும் டிக் என்கிற ஸ்பேனர். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள்? என்னைப் பற்றியா? பழசு புதுசு கதையா? கை தன்பாட்டுக்கு முறுக்கிக்கொண்டிருந்தது. டிக். அடுத்தது. டிக். நான்கு டிக் கேட்டதும், முறுக்கிய போல்ட்டில் நான் வழக்கமாகப் போடுகிற மஞ்சள் பெயின்ட் கோட்டையும் போட்டேன். அண்ணன் பச்சைக் கோடு போடுவான், நான் மஞ்சள். கோட்டைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சிரிப்புக்குக் காரணம் அப்புறம் தெரிந்தது. அண்ணன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருந்தான். காலையிலேயே நான் பார்த்தேன். பொண்டாட்டி பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

வண்டியை இறக்கினோம். மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி உயரத்தை அளந்து, "இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றாள். "புது ஸ்பிரிங், உக்காந்துடும்" என்றான் அண்ணன். அவள் அலைன்மென்ட் பார்த்தாள். எல்லாம் பச்சை. இரண்டு பேரும் ரோடு டெஸ்ட் போனார்கள். திரும்பி வந்து, "கையை விட்டாலும் கோடு போட்ட மாதிரி போகுது" என்று அண்ணன் வெல்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை. விழுந்தது.

சாயங்காலம் குளித்துவிட்டுச் சட்டையை அலசும்போதுதான் பார்த்தேன். முன்பக்கம் கிரீஸ். முதுகுப்பக்கம் சுத்தம். தரையில் படுத்து ஊர்ந்திருந்தால் முதுகு அப்படியா இருக்கும்? அடிப்பாவி, காற்றில் முறுக்கிவிட்டேனே!

வண்டி கீழேதான் நின்றது. மறுநாள் காலையில்தான் எடுக்க வருவார்கள். படியிறங்கிப் போய், "அண்ணா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். சமையலறையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் சொல்லலாம் என்று சட்டையைக் காயப்போட்டேன்.

காலையில் மீட்புப் படை டிரைவர் வந்தார். பெரிய மீசை, நிதானமான ஆள். அண்ணி படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அதை வாங்கி, மை காய ஊதிவிட்டு, "எங்க வீட்டுக்காரம்மா கையெழுத்து. கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்றான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அவன் அதைச் சொன்ன மாதிரியில் திரும்பி உள்ளே போய்விட்டது. போல்ட் இறுக்கமாகத்தானே இருக்கிறது, கழன்றா விழப்போகிறது, டயர் கொஞ்சம் தேயும், வண்டி கொஞ்சம் இழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கட்டுமே. இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்தவள் நான்தான், பேய் பிசாசு எதுவும் என்னைப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஸ்ட்ரெச்சரில் யாரோ படுத்திருப்பார்கள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கும். சாப்பிடும்போது இதுதான் கண்முன் வரும். ஃபோன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அண்ணி என் தட்டைப் பார்த்து, "உடம்புக்கு என்ன பாப்பா?" என்று கேட்பாள். அப்படிக் கேட்டதும் சொல்ல வேண்டும் என்கிற எண்ணம் செத்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் வண்டி திரும்பி வந்தது.

டிரைவர் இறங்கி, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னார். "இடது பக்கம் இழுக்குதுங்க. முந்தாநாள் வளைவுல பின்னால ஆள் படுத்திருக்காரு, நான் ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டிட்டு வரேன். இன்னைக்குள்ள சரி பண்ணிட்டா சரி. இல்லன்னா மீதி ஆறு வண்டியை வேற இடம் பாக்கச் சொல்லிட்டாங்க ஆபீஸ்ல."

இடது டயரின் உள்விளிம்பு எலி கரண்டின மாதிரி இருந்தது. அண்ணி கிளாம்ப் மாட்டினாள். ஸ்கிரீனில் இடது பக்கம் முழுக்கச் சிவப்பு. கேம்பர் ஒரு டிகிரிக்கு மேல் போயிருந்தது.

அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். டிரைவர் நிற்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்துடலாம்" என்றான்.

அண்ணி டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தாள். நான் டூல் பலகையைத் துடைக்கிற மாதிரி நின்றேன். ரொம்ப நேரம் அவள் வெளியே வரவில்லை. பிய்ந்த ரப்பர் தெரியும். ஆர்ம் எந்த நிலையில் பிடிபட்டிருக்கிறது என்று பார்த்தால் சக்கரம் தொங்கும்போது முறுக்கியது என்று தெரியும். மஞ்சள் கோடு யாருடையது என்று தெரியும். எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்தது.

வெளியே வந்தாள். முதுகெல்லாம் அழுக்கு. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அண்ணனிடம் திரும்பி, "என் தப்புதாங்க. வண்டி நல்லா உக்கார்றதுக்கு முன்னாடியே ரீடிங் எடுத்துட்டேன். புஷ்ஷும் ரெண்டு போயிருக்கு. மாத்திட்டு மறுபடி பாத்துடறேன்" என்றாள்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "நீயா?" என்று மட்டும் கேட்டான். டிரைவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அண்ணன் புது புஷ் எடுக்க ஸ்டோர் அறைக்குள் போனான்.

நான் அவளை டயர் அடுக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் சொல்லல?"

"எதை?"

"நடிக்காதீங்க அண்ணி. என் கோட்டைப் பாத்தீங்கல்ல?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள். "பாத்தேன். விடு பாப்பா, கை தவறினது தானே. நான் திட்டு வாங்கினா ராத்திரியே சரியாப் போயிடும். எனக்கு அவர் இருக்காரு, வீடு இருக்கு. உனக்கு இந்த வேலை ஒண்ணுதானே இருக்கு? அதையும் கெடுப்பானேன்னு..."

அன்புடன்தான் சொன்னாள். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். உனக்கு இது ஒன்றுதானே! மெஷினை எடுத்துக்கொண்டாள், ரோடு டெஸ்ட்டில் பக்கத்து சீட்டை எடுத்துக்கொண்டாள், ஜன்னல் அறையை எடுத்துக்கொண்டாள், இப்போது எனக்குப் பிச்சை போடுகிறாள். நல்லவள் என்கிற பட்டமும் அவளுக்கே போக வேண்டுமா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

நியாயத்துக்காகச் சொன்னேன், மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று நான் பெருமையடித்துக்கொள்ள முடியாது. அவள் எனக்காகத் தியாகம் செய்வதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொன்னேன்.

"அண்ணா!" என்று கத்தினேன். வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அண்ணன் கையில் புஷ் பெட்டியோடு வந்தான்.

"அண்ணி மேல தப்பு இல்ல. நாலு போல்ட்டையும் காத்துல முறுக்கினது நான். எனக்கு அன்னைக்கே தெரியும். வண்டி இங்கதான் நின்னுச்சு, சொல்லல. பன்னெண்டு நாளா சொல்லல. அண்ணி அடியில படுத்துப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க, எனக்காக மறைச்சாங்க."

சொல்லிவிட்டு நின்றேன். வரட்டும் என்று காத்திருந்தேன். கையிலிருக்கிற பெட்டியைத் தூக்கி அடிப்பான், வாய்க்கு வந்தபடி திட்டுவான், வீட்டை விட்டுப் போ என்றுகூடச் சொல்வான். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். போல்ட் முறுக்கத் தெரியாமல் நான் தடுமாறின காலத்தில், ஒரு வாஷரைத் தலைகீழாகப் போட்டதற்கு அரை நாள் திட்டியவன் அவன்.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். அண்ணி பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

அண்ணி தலையாட்டினாள்.

"தெரிஞ்சே என்கிட்ட பொய் சொன்னியா? மூளை இருக்கா உனக்கு? வண்டியில போறது சாகக் கிடக்கிற ஆளுங்கடி! எவன் தப்புப் பண்ணான்னு தெரியாம நான் எதைச் சரி பண்றது? ஸ்பிரிங்கைக் கழட்டுவேனா, மெஷினைச் சந்தேகப்படுவேனா? எருமை! பெரிய தியாகி மாதிரி வந்து நிக்கற, என் தப்புதாங்களாம்!"

"கத்தாதீங்க. நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்னடி நல்லது? உன் நல்லதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

"போட்டுட்டா மட்டும் உங்களுக்குக் கோபம் போயிடுமா? மஞ்சள் கோட்டைப் பாத்துட்டு அன்னைக்குக் குனிஞ்சு பாக்காம விட்டது யாரு? நீங்கதானே?"

"வாயைப் பாரு வாயை!"

பட்டறையே அதிர்ந்தது. வெல்டர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு தூண் மாதிரி.

"அண்ணா" என்றேன். "மறைச்சது நானும்தான். அவங்க பத்து நிமிஷம் மறைச்சாங்க. நான் பன்னெண்டு நாள் மறைச்சேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். திரும்பும்போதே குரல் இறங்கிவிட்டது. "அதான் சொல்லிட்டியே பாப்பா. விடு. மனுஷங்கன்னா தப்பு வரும்."

"வேணும்னுதான் சொல்லாம இருந்தேன். கேக்குதா உனக்கு?"

"கேக்குது, கேக்குது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. டீ குடிச்சியா?" படிவத்தின் புதுத் தாள் ஒன்றை மேசையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான். "நீயே எல்லாம் பண்ணு. புஷ்ஷை மாத்து, அலைன்மென்ட் பாரு, நீயே கையெழுத்துப் போடு. ஏழு வண்டிக்கும் நீயே போடு. உனக்கு அதுல வருத்தம் இருந்திருக்கு, நான்தான் கவனிக்கல."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பில்லில் சண்டை போடப்போகிறவரையும், டயர் மாற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறவரையும் அவன் சமாளிக்கிற குரல். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரல். மரியாதையாக, பக்குவமாக, சீக்கிரம் அனுப்பிவைக்கிற குரல்.

தாளை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? புஷ் நான்கையும் மாற்றினேன். போல்ட்டைச் சும்மா பிடித்து வைத்து வண்டியை இறக்கினேன். பம்பர்மேல் ஏறிக் குதித்து, முன்னும் பின்னும் தள்ளி, வண்டியை நன்றாக உட்கார வைத்தேன். வெல்டர் வந்து தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் அடியில் படுத்து ஊர்ந்து போய், நான்கையும் ஒவ்வொன்றாக முறுக்கினேன். தலைக்கு மேலே சண்டை நடந்துகொண்டே இருந்தது. எந்தத் திட்டும் போல்ட்டோடு நிற்கவில்லை. போன மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போனது வந்தது, அவன் குறட்டை வந்தது, சட்டையை மாற்றிப் போட்டது வந்தது. நடுவில் ஒரு தடவை அவள் சிரித்துவிட்டாள், அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

காஸ்டரைச் சரியாக வைத்தேன், கேம்பர் வைத்தேன், கடைசியாக டோ. மூன்று பட்டையும் பச்சை. நடுக்கோட்டில் நின்றன. மீசைக்காரர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். நேர் ரோட்டில் அவர் கையை எடுத்தார். வண்டி கொஞ்சம்கூட விலகவில்லை.

"பரவால்லம்மா, சொன்னபடி முடிச்சுட்டீங்க" என்றார். "ஆறு வண்டியும் அனுப்பச் சொல்லிடறேன்."

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் வந்து தாளை வாங்கி டிரைவரிடம் கொடுத்தான். "எங்க தங்கச்சி பாத்தது" என்றான். அவர் போனதும், "கையைக் கழுவிட்டு மேல போய் சாப்பிடு பாப்பா. இன்னைக்குப் போதும்" என்றான்.

"அண்ணா, ஒரு வார்த்தை திட்டேன்" என்றேன். கேட்டே விட்டேன், வெட்கத்தை விட்டு.

அவன் சிரித்தான். "உன்னைப் போய் எப்படிம்மா திட்றது?"

அதற்குள் அண்ணி டார்ச்சைத் தரையிலேயே போட்டுவிட்டு மாடிப்படி ஏறுவதை அவன் பார்த்துவிட்டான். "ஏய் எருமை! எடுத்து வைக்க உங்கப்பன் வருவானா? நான் இன்னும் பேசி முடிக்கல, நில்லுடி!" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் இரண்டிரண்டு படியாக ஏறினான். அவளும் மேலிருந்து ஏதோ பதில் கொடுத்தாள். மாடிக் கதவு சாத்தியபிறகும் இரண்டு குரலும் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் குழாயடியில் கிரீஸ் போகிறவரைக்கும் கையைத் தேய்த்தேன், போனபிறகும் தேய்த்தேன். எனக்கு என் அண்ணியைப் பார்த்து அன்றைக்கு எரிந்த மாதிரி என்றைக்கும் எரிந்ததில்லை.